எங்க ஊரு முதல் வண்டிகள்

எங்க ஊர்ல யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, கல்யாணத் தேதியை யோசிச்சுதான் சொல்வாங்க. முதல் வண்டி எதுன்னா உடனே பதில் வரும்.

ராணுவத்துக்கு வாங்கப் போய், 1950-களின் நடுவில் சென்னை திருவொற்றியூரிலேயே புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் மைசூரில் ஜாவா. பின்னாளில் அதுவே எஸ்டி. இதெல்லாம் ரைஸ்மில் முதலாளியும் போலீஸும் ஓட்டின வண்டிகள். சம்சாரி வீட்டு வாசலுக்கு வந்தது 1980-ல் ஓசூரில் இருந்து வந்த டி.வி.எஸ். 50 தான். பெடல் வச்ச மொபெட். புல்லட்காரங்க அதை வண்டின்னே ஒத்துக்க மாட்டாங்க. ஒத்துக்காட்டிப் போகட்டும்.

அப்பா மிளகாய் விற்ற காசில் வாங்கினார். கியர் கிடையாது. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊத்தணும். ஆனா ரெண்டு பேர் உட்காரலாம், அதுதான் பெரிய விஷயம். சைக்கிளில் பால் கொண்டு போனவரை எங்களுக்கு ரெண்டு மாடுதான். அதுக்கு மேல கறந்தா சொசைட்டி மூடுறதுக்குள்ள போய்ச் சேராது. வண்டி வந்தப்புறம் அஞ்சு மாடு. பஸ்ஸுக்குக் காத்து நிக்காம அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதும் அந்தப் பின்சீட்டில்தான்.

1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், ஆயில் கலக்கிற வேலை இல்லை. அதே வருஷம் யமஹா ஆர்.எக்ஸ். 100, 1996-ல் தயாரிப்பு நின்றும், அந்தச் சத்தம் கேட்டா என் வயசுக்காரங்க இன்னும் திரும்பிப் பார்ப்பாங்க.

அப்பா கடைசிவரை கியர் வண்டி பழகவே இல்லை.