வேட்டைநாயும் குதிரைக் குளம்பும்

ஐரோப்பிய மொழிகளில் எழுந்த வேட்டை நூல்களைக் கால முறையில் வைத்துக் கற்போர் ஒரு குறையை எளிதிற் காண்பர். காட்டுப்பன்றியின் மருப்பினாற் கிழிந்த நாய்க்கு மருத்துவம் விரிவாகக் கூறும் நூல்கள், தலைவனுடைய குதிரையின் குளம்பினால் நொறுங்கிய நாயைப் பற்றி வாய் திறப்பது அரிது. குதிரையாளர் நாய்க்கூட்டத்தின் பின்னே விரையும் வேட்டை பல நூற்றாண்டுகள் நிலவிற்று. ஆதலின் அத்தகைய ஊறு நிகழவில்லை என்று கொள்ளுதல் பொருந்தாது. மருத்துவப் பகுதியில் இல்லாத செய்தி ஒழுங்கு கூறும் பகுதியில் மறைந்து கிடக்கின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நம் பழந்தமிழ் இலக்கியங்களில் இச்சிக்கல் எழவில்லை. அவை காட்டும் கானவரும் எயினரும் நாயுடன் நடந்து வேட்டையாடுவோர். குதிரை அங்குப் பெரும்பாலும் தேரிலும் போரிலுமே இடம்பெறும். எனினும் தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைக்கு வகுத்த குருளை என்னும் பெயர் நமக்குப் பயன்படும். பின்னர் அது வேண்டப்படும்.

கிரேக்கரிடமிருந்து தொடங்குவோம். கி.மு. நான்காம் நூற்றாண்டினராகிய செனபோன் குதிரையேற்றம் பற்றியும் நூல் செய்தார்; வேட்டை பற்றியும் அவர் பெயரால் ஒரு நூல் வழங்குகின்றது. ஆயினும் இவ்விரு நூல்களும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. அவ்வேட்டை நூல் சிறப்பாகக் கூறுவது வலை கட்டி, நடந்து சென்று முயல் பிடிக்கும் முறையாகும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ரியன், செனபோன் அறியாத கெல்டிய ஓட்டநாய்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். இங்கேதான் குதிரையும் நாயும் ஒரே வெளியில் ஓடுகின்றன. குதிரையாளர் வரிசையாக நிற்றல் வேண்டும். முயல் எப்பக்கம் எழுந்தால் எவர் தம் நாயை விடுதல் வேண்டும் என்பதை ஒருவர் முன்னரே வகுத்துரைத்தல் வேண்டும். ஒரு முயலின்மேல் இரண்டு நாய்களுக்கு மேல் ஏவுதல் ஆகாது என்கின்றார். குழப்பம் நேராமைக்கே இவ்விதிகள். நாய்களின் ஓட்டத்திறனைக் காணும் விருப்பமும் இவற்றில் உண்டு எனினும், குதிரைகள் கண்டபடி பாயாமல் ஒழுங்கில் நிற்பது நாயின் உயிருக்கும் காப்பாகும் என்பது வெளிப்படை. முயலைப் பற்றிய நாயிடம் குதிரையினின்று இறங்கிச் சென்று, பெயர் சொல்லித் தடவிப் பாராட்டுக என்றும் அவர் கூறுவர். இறங்குக என்ற சொல்லை நான் அன்பின் குறிப்பாக மட்டும் கருதவில்லை.

இத்துறையில் நாம் நின்று நோக்கத்தக்க நூல் பிரெஞ்சு மொழியில் உள்ளது. புவா நாட்டுக் கோமானாகிய மூன்றாம் காஸ்தோன் (1331–1391), பெபுஸ் என்னும் சிறப்புப் பெயரினர், 1387 மே முதல் நாளன்று தம் வேட்டை நூலை எழுதத் தொடங்கினார். யார்க்குக் கோமகன் எட்வர்டு 1406-க்கும் 1413-க்கும் இடையில் அதனை ஆங்கிலத்தில் ஆக்கிச் சில இயல்களையும் சேர்த்தார். நாய்க்கொட்டில் எவ்வாறு அமைதல் வேண்டும், வைக்கோலை எப்போது மாற்றுதல் வேண்டும் என்பன போன்ற செய்திகள் இதில் நுட்பமாக உள்ளன. நாய் வளர்க்கும் பணிக்கு ஏழு வயதளவிலேயே சிறுவனைப் பழக்குதல் வேண்டும். அவன் நாய்களின் பெயரையும் நிறத்தையும் அறிதல் வேண்டும். நாய்கள் தம்முட் கடித்துக் கொள்ளாதவாறு இரவிலும் கொட்டிலில் ஒரு சிறுவன் இருத்தல் வேண்டும்.

ஊறுகளுக்கு அவர் கூறும் மருத்துவம் கேட்கத்தக்கது. பன்றி வயிற்றைக் கிழித்துக் குடர் வெளிப்போந்து, ஆயின் குடர் அறாதிருப்பின், வெதுவெதுப்பான ஒலிவ எண்ணெயுடன் அதனை மெல்ல உள்ளே செலுத்தி, மெல்லிய பன்றிக் கொழுப்புத் துண்டு ஒன்றை வைத்து மேலே தைத்தல் வேண்டும். ஒவ்வொரு தையலையும் தனித்தனியே முடிந்துவிடுக என்பர். ஒன்று அறுந்தாலும் ஏனையவை நிற்கும் என்பது கருத்து. கற்றரையில் ஓடித் தேய்ந்த பாதங்களை உப்பு நீரினாலும், வெம்மையால் நொந்த பாதங்களைக் காடியும் புகைக்கரியும் கலந்தும் கழுவச் சொல்வர். முறிந்த எலும்பைப் பொருத்தி, ஆளிநார் சுற்றி, நான்கு சிம்புகளை வைத்துக் கட்டி, நான்கு நாளுக்கு ஒருமுறை கட்டை மாற்றுக என்பர். மூட்டு நழுவினால் முட்டை வெண்கருவில் தோய்த்த நாரை இடுக என்பர். முட்டை வெண்கருவும் உளுந்து மாவும் பற்றிட்டு மூங்கிற் சிம்பு கட்டும் நம் நாட்டு வைத்தியரை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இவற்றுள் வயிற்றுக் கிழிவுக்குப் பன்றி காரணமாகச் சுட்டப்படுகின்றது. எலும்பு முறிவுக்கோ குதிரை மிதித்தது என்றோ உதைத்தது என்றோ காரணம் பிரித்துக் கூறப்படவில்லை. பகைவிலங்கு செய்த புண் நாயின் வீரத்திற்குச் சான்று. அதனை எழுதுவதில் நாணமில்லை. தலைவனோ அவன் விருந்தினனோ ஏறிய குதிரை செய்த புண் அத்தகையதன்று. அதனைக் காரணங்காட்டி எழுதினால் குற்றம் உயர்ந்தோர்மேல் ஏறும். காயம் பட்ட நாயைத் தூக்கி வந்த சிறுவன் காரணத்தை அறிந்திருப்பான். நூல் எழுதியவன் அவன் அல்லன். இஃது என் ஊகமே. எனினும் பின்வந்த ஆங்கில வழக்கம் இதற்கு அரண் செய்கின்றது.

இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் செந்நரி வேட்டை விரைவுடையதாயிற்று. லெஸ்டர்சயரில் ஹியூகோ மெய்னல் (1735–1808) விரைந்தோடும் நாய்களைப் பெருக்கினார். நாய் விரையவே குதிரையும் விரைந்தது. பின்வருவோர் நாய்களின்மேல் நெருக்குதல் தலைவர்களுக்குப் பெருந்தொல்லை ஆயிற்று. 1781-இல் வெளிவந்த பீட்டர் பெக்போர்டின் வேட்டை பற்றிய கடித நூல் கொட்டில், உணவு, நோய் ஆகியவற்றை விளக்குவது. அந்நூலின் முதற்கடிதம், தமக்கு நேர்ந்த விபத்தினால் பிரிஸ்டல் வெந்நீருற்றில் தங்கிய காலத்தில் அவர் எழுதியது என்பது சுவையான செய்தி.

அந்நாட்டு வேட்டைக்கள வழக்கங்களே நமக்கு உண்மைச் சான்றுகள். குருளைகளைப் பண்ணை வீடுகளில் விட்டு வளர்ப்பர். ஆங்கே அவை குதிரையின் காலருகே நடக்கும் முறையை இளமையிலேயே கற்கும். கொட்டிலுக்குத் திரும்பியபின், முதிர்ந்த நாயுடன் வாரினால் இணைத்து நடத்துவர். நாய்கள் கடந்து செல்லும்போது குதிரையின் முகத்தை அவற்றின் பக்கம் திருப்பி நிறுத்துதல் வேண்டும்; பின்புறம் காட்டுதல் பெருங்குற்றம். சாட்டையின் வாரைக் குதிரையின் பக்கத்தே தொங்கவிட்டு நாய் காலிடை புகாதவாறு தடுப்பர். உதைக்கும் குதிரையின் வாலிற் சிவப்பு நாடா கட்டுவர். நாயை உதைத்த குதிரையை உடையவன் களத்தைவிட்டு நீங்குதல் முறை. மருத்துவ நூல் விடுத்த குற்றத்தை மரியாதை விதி இவ்வாறு வெளிப்படையாக ஏற்றுக்கொள்கின்றது.

இவ்விதிகள் குதிரையின் இயல்பறிந்து எழுந்தவை. அதன் கண்கள் பக்கங்களில் அமைந்தமையால் சுற்றிலும் பெரும்பகுதியைக் காணும். தனக்கு நேர் பின்னே உள்ளதைக் காணாது. அங்கே திடீரென எழும் அசைவுக்கு அதன் விடை உதையே. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கின் இரும்பு இலாடம் 30 கிலோ அளவுள்ள நாயின்மேற் படும்போது, வெளியே சிறு வீக்கமே தோன்றினும் உள்ளே நுரையீரல் கிழிந்திருக்கலாம். மண்ணீரலோ கல்லீரலோ குருதி பெருக்கலாம். எழுந்து ஓடிய நாய் சில மணி நேரங் கழித்து வீழ்வதும் உண்டு. ஆதலின் ஈறு வெளுத்துள்ளதா, மூச்சு விரைகின்றதா என நோக்கி, பலகையிற் கிடத்தி அசையாது மருத்துவரிடம் கொண்டு செல்லுதலே இன்றைய முறை. வலியுற்ற நாய் தன்னை வளர்த்தவனையும் கடிக்கும். ஆகவே வாய்க்கட்டு இடுவர். மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ இடார். வெளிப்போந்த குடரைப் பெபுஸ் கூறியவாறு உட்செலுத்தலும் ஆகாது. தூய ஈரத்துணியால் மூடி வைத்தலே தக்கது. உள்ளூறுக்கு ஊசியும் நூலும் பயன்படாமையும் பழைய நூல்களின் மௌனத்திற்கு மற்றொரு காரணமாகலாம்.

இவ்வேட்டை தமிழகத்திற்கும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உதகமண்டலத்து ஆங்கிலேயர், செந்நரி இல்லாத நீலகிரிப் புல்வெளியில் நம் நாட்டு நரியை நாய்க்கூட்டத்தால் துரத்தினர். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டு வேட்டைச் சட்டமும் அவ்வேட்டையின் பழைய வடிவத்தை விலக்கின. செயற்கை மணத்தின்மேல் நாய்களை ஓட்டும் வழக்கம் இங்கிலாந்தில் அதன்பின் பெருகிற்று. மருப்பினால் வரும் புண் அதில் இல்லை. குளம்பினால் வரும் புண்ணுக்கு இடம் உண்டு. சிவப்பு நாடாவும் குதிரை வாலினின்று அவிழ்க்கப்படவில்லை.