இரண்டு நல்ல மருந்தும் சேர்ந்தால்...

தெப்ராவ் வட்டாரத்தில் தம்போய் என்ற பெயரைச் சொன்னாலே சிலர் சிரிப்பார்கள். வேறு சிலர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஜொகூரின் மனநல மருத்துவமனை 1930-களில் அங்கே எழுந்ததுதான் காரணம். இன்று அதற்குப் பெர்மாய் மருத்துவமனை என்று பெயர். பெயர் மாறியது. வெட்கம் மாறியதா?

அந்த மருத்துவமனை கட்டப்பட்ட நாளில் மனச்சோர்வுக்கென்றே உருவான மாத்திரை உலகில் எங்குமே இல்லை. 1956-ல் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர், வேறொரு மனநோய்க்காகச் சோதித்துப் பயன் தராத ஒரு மருந்தை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சோர்ந்து கிடந்தவர்கள் எழுந்து பேசினார்கள். அதுதான் இமிப்ரமின். 1961-ல் அதே இனத்தைச் சேர்ந்த அமிட்ரிப்டிலின் வந்தது. நோய் குறைந்தது, கூடவே வாய் உலர்ந்தது, மலச்சிக்கல் வந்தது, எழுந்து நின்றால் தலை சுற்றியது. அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறியது.

அதே காலத்து இன்னோர் இன மருந்தின் ஆபத்தைக் கண்டுபிடிக்க உதவியவர் யார் தெரியுமா? ஒரு கணவர்! இங்கிலாந்தில் மருந்தாளராக இருந்த அவர், மாத்திரை சாப்பிடும் தம் மனைவிக்குப் பாலாடைக்கட்டி தின்றால் மட்டும் கடும் தலைவலி வருவதைக் கவனித்தார். 1963-ல் மருத்துவர் பேரி பிளாக்வெல்லுக்குக் கடிதம் எழுதினார். ஆய்வில் அது உண்மை என்று தெரிந்தது. வீட்டில் ஒளிவு மறைவு இல்லாததால் உயிர்கள் தப்பின.

1987-ல் அமெரிக்காவில் ஃபுளுவாக்ஸட்டினுக்கு அனுமதி கிடைத்தது. பக்கவிளைவு குறைந்த புதிய தலைமுறை பிறந்தது. பழைய மாத்திரை போய்விட்டதா? இல்லை. நீரிழிவால் கால் எரிகிறவர்களுக்கும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் அமிட்ரிப்டிலின் இன்றும் சிறிய அளவில் தரப்படுகிறது. புதிய மருந்து மட்டும் போதாதபோது, மனநல மருத்துவரே பழையதையும் சேர்ப்பதுண்டு. அவர் அளவைக் குறைத்து, தேவையானால் இதயத்தின் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துச் சேர்ப்பார்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஃபுளுவாக்ஸட்டின், பராக்ஸட்டின் போன்றவை, பழைய மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுத்துவிடும். அதனால் சிறிய அளவும் இரத்தத்தில் பெரிய அளவாக ஏறிவிடும். ஃபுளுவாக்ஸட்டினை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு இந்த விளைவு நீடிக்கும்.

கால் எரிச்சலுக்கு ஒரு கிளினிக், மனச்சோர்வுக்கு இன்னோர் இடம். "தம்போய் கேஸ்" என்று நினைத்துவிடுவார்களே என்று இங்கே சாப்பிடும் மாத்திரையை அங்கே மறைத்தால், அங்குள்ள மருத்துவர் எதை வைத்து அளவைக் குறைப்பார்?

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, சிறுநீர் அடைப்பு, நடுக்கத்தோடு காய்ச்சல், மனக்குழப்பம்... இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பயந்துபோய் மாத்திரையைத் தாமாகவே திடீரென நிறுத்துவதும் தவறு.

எந்த மருத்துவரிடம் போனாலும், வீட்டிலுள்ள அத்தனை மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நோய்க்கு மருந்து இருக்கிறது. வெட்கத்துக்குத்தான் இன்னும் மாத்திரை வரவில்லை. அதைக் குடும்பம்தான் போக்க வேண்டும்.