தூத்துக்குடியில் பேட்டரிக்குத் தண்ணி ஊற்றிய காலம்

2025 ஆகஸ்ட் 5, பனிமய மாதா திருவிழா. விடியற்காலைப் பூசைக்கு அம்மாவைக் கூட்டிப் போக வேண்டிய என் தங்கை மகன் நாலரை மணிக்கு எனக்கு போன் போட்டான்.

"மாமா, வண்டி செத்துக் கிடக்கு. ரிமோட்டை அமுக்குனா கதவுகூட திறக்க மாட்டுக்கு."

மஸ்கட்டில் வேலை பார்க்கிறவன். போன விடுமுறையில் வாங்கிப் போட்ட, பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் அது. அவன் அப்பா வாரத்துக்கு ஒரு நாள் எடுத்து ஓட்டுவார். கண் ஆபரேஷன் ஆனதால் ஒரு மாதமாக ஷெட்டை விட்டு வண்டி நகரவில்லை.

"பெரிய பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரன்டி மாமா. அதுக்குள்ள போயிருமா?"

"பெரிசு போயிருக்காதுலே. சிறுசுதான் போயிருக்கும். நான் வாரேன்."

மீட்டர், ஜம்பர் கேபிள், சார்ஜ் ஏற்றி வைத்திருந்த ஒரு பேட்டரி மூன்றையும் எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் போனேன். ரிமோட்டுக்குள் ஒரு தகட்டுச் சாவி ஒளிந்திருக்கும். அது இருப்பதே அவனுக்குத் தெரியாது. அதை உருவிக் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்கி, மீட்டர் வைத்தேன். 5.9 வோல்ட். நன்றாக இருக்கும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த பிறகும் 12.6 காட்ட வேண்டும்.

சிவப்புக் கேபிளை இரண்டு பாசிடிவிலும் மாட்டினேன். கறுப்பின் ஒரு முனையை என் பேட்டரியின் நெகடிவில் மாட்டி, மறுமுனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில், பேட்டரியை விட்டுத் தள்ளிக் கவ்வ விட்டேன். ஐந்து நிமிடம் பொறுத்தோம். பிரேக்கை மிதித்து பட்டனை அமுக்கச் சொன்னேன். பின்பக்கத்தில் எங்கேயோ 'டக்' என்று ஒரு சத்தம். டாஷ்போர்டில் 'ரெடி' விளக்கு வந்தது. எஞ்சின் ஓடவே இல்லை, வண்டி மட்டும் உயிரோடு நின்றது. தங்கச்சி "மாதாவே" என்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டாள். பூசைக்கு நேரத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த 'டக்' சத்தத்துக்குள்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. ஹைபிரிட் காரின் பெரிய பேட்டரி ஆளைக் கொல்லும் மின்சாரம். இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் அது 201.6 வோல்ட். வண்டியை அணைத்ததும் பாதுகாப்புக்காக அதைக் கனமான ரிலேக்கள் துண்டித்துவிடும். மறுபடி அந்த ரிலேக்களை மூடுவதும், கம்ப்யூட்டர்களை எழுப்புவதும், கதவுப் பூட்டைத் திறப்பதும் பன்னிரண்டு வோல்ட் சின்ன பேட்டரியின் வேலை. அது படுத்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் அணுவளவும் வெளியே வராது.

என் அப்பா இருந்திருந்தால் இதை ஒரே வரியில் சொல்லியிருப்பார். அவர் பேட்டரிக்காரர் ஆவதற்கு முன் கடலில் குளித்தவர். 1955 முதல் 1961 வரை இந்தக் கரையில் நடந்த கடைசி முத்துக்குளிப்புகளில், தொள்ளாயிரம் பார் என்ற முத்துச்சிப்பித் திட்டில் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர். "கீழ எவ்வளவு சிப்பி கிடந்து என்ன, மேல கயிறு பிடிக்கிறவன் கண்ணயர்ந்தா எல்லாம் போச்சு" என்பார். கடையில் வேலைக்கு வரும் பையன்களுக்கு, கேபிள் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொல்லும்போதெல்லாம் அதையே சொல்வார்.

மூன்றாவது வருடக் குளிப்பில் அவருக்குக் காது கிழிந்தது. சீழும் ரத்தமும் வந்து, கரையேறி, பீச் ரோட்டுப் பக்கம் ஒரு பேட்டரி சார்ஜிங் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். கப்பல்கள் ஆழம் போதாமல் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, தோணிகள் போய் சரக்கை ஏற்றி இறக்கிய காலம் அது. தோணிக்குப் பாய்தான். பேட்டரிக்குக் கடலில் வேலை இல்லை. கரையில்தான் வேலை.

என்ன வேலை? இன்றைக்குள்ள பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், ரேடியோ கேட்பது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் வேம்பாருக்கும் புன்னைக்காயலுக்கும் மணப்பாட்டுக்கும் கம்பி இழுத்து வீட்டுக்கு வீடு விளக்கு எரிய வருடங்கள் ஆயின. அதுவரை கரண்ட் இல்லாத ஊரில் வால்வு ரேடியோ ஆறு வோல்ட் கார் பேட்டரியில் பாடியது. இலங்கை வானொலி எங்கள் கரைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது போலத் தெளிவாகக் கேட்கும். பாட்டு கம்மினால் பேட்டரியைச் சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரிலோ பஸ் கூரையிலோ ஏற்றி தூத்துக்குடிக்கு அனுப்புவார்கள். கல்யாண வீட்டு மைக் செட்டும் கோயில் கொடை மைக் செட்டும் அப்படித்தான். திருவிழாவுக்கு முந்தின வாரம் கடையில் படுக்க இடம் இருக்காது.

பேட்டரிகளை வரிசையாக நிறுத்தி, ஒன்றின் பாசிடிவை அடுத்ததின் நெகடிவில் கோத்துச் சங்கிலி போல சார்ஜ் போடுவார்கள். சுவரில் டங்கர் பல்பு எரியும். ஆர்கான் வாயு அடைத்த அந்தக் கண்ணாடிக் குமிழ்தான் ஏசி கரண்டை டிசியாக மாற்றும். டங்ஸ்டன், ஆர்கான் இரண்டையும் சேர்த்து வைத்த பெயர் அது. ராத்திரி கடையைச் சாத்தின பிறகும் அதன் ஊதா வெளிச்சம் பலகை இடுக்கு வழியே தெருவில் விழும். செல்கள் நிறைந்ததும் மூடித் துவாரத்தில் குமிழ் கிளம்பும். சோடா பாட்டில் திறந்த மாதிரி மெல்லிய சத்தம். அந்தச் சத்தத்தை வைத்தே அப்பா எந்த பேட்டரி ஏறிவிட்டது, எது நடிக்கிறது என்று சொல்லிவிடுவார். பிறகு ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட்டை உறிஞ்சி மிதவையைப் பார்ப்பார். 1250-க்கு மேல் நின்றால் வண்டிக்காரரைக் கூப்பிடலாம்.

நான் 1978-ல் கடைக்குப் போனேன். அப்போது அப்பாவுக்கு பாளையங்கோட்டை ரோட்டில் சொந்தக் கடை. ரேடியோவெல்லாம் டிரான்சிஸ்டர் ஆகி டார்ச் செல்லுக்குப் போய்விட்டது. ஆனால் 1974-ல் புதுத் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பிறகு லாரிகள் வந்தன. உப்பு லாரி, உர லாரி, நிலக்கரி லாரி. வரிசையில் நின்று நின்று பேட்டரி இறங்கிவிடும். உப்புக் காற்றில் டெர்மினல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். ஆப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு விடும். துடைத்து, வாசலின் தடவி அனுப்புவோம். பேட்டரிக்குத் தண்ணி ஊற்றுவது என்று ஒரு வேலையே இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை ஆறு மூடியையும் திருகிப் பார்த்து, தகடு மூழ்கும் அளவு டிஸ்டில்டு வாட்டர் விட வேண்டும். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பேட்டரியைக் கொன்றவர்கள் ஏராளம்.

செத்த பேட்டரிக்கு உயிர் கொடுப்பது தனி வித்தை. எபோனைட் பெட்டியின் மேலே ஊற்றியிருக்கும் கீலைச் சூடு காட்டி இளக்கி, செல்லைக் கொக்கி போட்டு இழுத்தால் தகடுகள் கொத்தாக மேலே வரும். பாசிடிவ் காப்பிக் கொட்டை நிறம், நெகடிவ் சாம்பல் நிறம். நெகடிவ் எப்போதும் ஒன்று கூட இருக்கும். வெள்ளை பூத்து விறைத்துப் போன தகட்டை அப்பா விரல் நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். சத்தம் மங்கினால் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார். அடியில் படிந்த சகதியைக் கழுவி, நடுவில் புது மரச்சீவல் தடுப்புகள் செருகி, பழைய டார்ச் செல்லை உடைத்து எடுத்த கார்பன் குச்சியில் கரண்ட் கொடுத்துச் சிவக்க வைத்து, ஈயத்தை உருக்கி இணைப்பார். சொட்டு விழுந்த இடத்தில் ஈயம் வெள்ளி மாதிரி மின்னி, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிப் போகும்.

அந்த ஈயத்தை வீட்டுப் பின்கட்டில்தான் உருக்கினோம். பக்கத்தில் தங்கச்சி விளையாடிக்கொண்டிருப்பாள். ஈயப் புகை பிள்ளைகளின் மூளையைத் தின்னும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று தெரிகிறது. அதை நினைத்தால் இப்போதும் ராத்திரி தூக்கம் கலைகிறது.

பிரான்சில் காஸ்டோன் பிளான்டே 1859-ல் ஈயத் தகட்டையும் ஆசிட்டையும் வைத்து இந்தப் பேட்டரியைச் செய்தார். 1881-ல் கமீல் ஃபோர் தகட்டில் பசையாக அப்பும் முறையைக் கொண்டுவந்தார். சாதாரண பேட்டரியின் உள்ளே இன்றும் நடப்பது அதுதான். காருக்குள் அது பெரிய ஆளானது 1912-ல், சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் கேடிலாக் காரில் வந்தபோது. அதுவரை முன்னால் நின்று ஹேண்டில் சுற்ற வேண்டும். எங்கள் ஊர் அம்பாசிடர்களுக்கும் ஹேண்டில் உண்டு. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் போய்விடும். ஹேண்டிலும் கிடைக்காவிட்டால் தெருப் பையன்கள் தள்ளுவார்கள். செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் உறுமிக்கொண்டு கிளம்பும்.

ஹைபிரிட்டை எத்தனை பேர் தள்ளினாலும் கிளம்பாது. அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பழைய வண்டியில் பேட்டரி சாகும் முன் சொல்லிவிட்டுச் சாகும். ஒரு வாரமாகவே செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், விளக்கு மங்கும். அந்த முனகலைக் கேட்டு நாமே கடைக்குக் கொண்டுபோவோம். ஹைபிரிட்டில் எஞ்சினைச் சுற்றுவது பெரிய பேட்டரி. சின்னதுக்கு ரிலேயைத் தட்டும் வேலை மட்டும்தான். பாதி உயிரோடு இருந்தாலும் அதைச் செய்துவிடும், ஒரு சத்தமும் காட்டாது. ஒருநாள் விடியும்போது கதவே திறக்காது.

பிரியஸ் 1997-ல் ஜப்பானிலும் 2010-ல் இந்தியாவிலும் வந்தது. இன்னோவா ஹைகிராஸ், ஹைரைடர், கிராண்ட் விட்டாரா எல்லாம் 2022-ல் வந்த பிறகுதான் எங்கள் தெருக்களில் ஹைபிரிட்கள் கண்ணில் படுகின்றன. நான் கடையை மூடியது 2016-ல். மூடி திருகவே இடமில்லாத சீல் வைத்த பேட்டரிகள் வந்ததும் தண்ணி ஊற்ற ஆள் தேவைப்படவில்லை. பேட்டரியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இன்று விரல் விட்டு எண்ணும் அளவில்தான். அது எனக்கு வருத்தமே. ஈயப் புகை ஒழிந்ததில் வருத்தமில்லை. காதால் கேட்டு பேட்டரியைத் தெரிந்துகொள்ளும் பழக்கம் போனதில்தான் வருத்தம்.

என் மருமகன் வண்டி செத்ததற்கு முந்தின நாள், ஆகஸ்ட் 4-ஆம் தேதி, எங்கள் ஊர் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலையை முதலமைச்சர் திறந்து வைத்தார். முதல் கட்டத்தில் வருடத்துக்கு 50,000 கார்கள் செய்யும் ஆலை. இன்று ஓடும் மின்சாரக் கார்கள் பெரும்பாலானவற்றுக்குள்ளும் பன்னிரண்டு வோல்ட் சின்ன பேட்டரி ஒன்று உண்டு. ஆகவே ஹைபிரிட்டோ மின்சாரக் காரோ வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வண்டியை வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரமாவது 'ரெடி' விளக்கு எரிய ஓட்டுங்கள். அப்போதுதான் பெரியதிலிருந்து சின்னதுக்குச் சார்ஜ் இறங்கும். 'ரெடி' வராமல் பாட்டு மட்டும் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், அது சின்னதைத்தான் குடிக்கும். சாவிக்குள் இருக்கும் சாவியை இன்றைக்கே ஒரு தடவை உருவிக் கதவைத் திறந்து பாருங்கள். சின்ன பேட்டரி மூன்று வருடம் தாண்டினால் வருடா வருடம் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 12.2-க்குக் கீழே போனால் பாதி போய்விட்டது என்று அர்த்தம். பழையதைத் தெருவில் உருக்குகிறவரிடம் கொடுக்காதீர்கள். புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவது யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை.