விழும் பலகையும் விழாத திரையும்: இலஞ்சியை முன்வைத்து ஒரு வாதம்

தமிழ்நாட்டில் விளம்பரப் பலகைகளுக்கு எதிரான குடிமக்கள் போராட்டம் பெரும்பாலும் சாவுகளுக்குப் பின்னால்தான் சூடுபிடித்திருக்கிறது. 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்கு நட்ட அலங்கார வளைவு நின்ற இடத்தில் ஓர் இளம் பொறியாளர் விபத்தில் இறந்தார். அவரைக் கொன்றது யார் என்ற கேள்வி அந்தச் சாலையின் மேலேயே பெயின்டால் எழுதப்பட்டது. 2018 டிசம்பரில், சமூகச் செயற்பாட்டாளர் டிராஃபிக் ராமசாமி தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் பேனர்களுக்குத் தடை விதித்தது. தடை நடப்பில் இருக்கும்போதே, 2019 செப்டம்பர் 12 அன்று, பள்ளிக்கரணையில் சாலை நடுத்திட்டில் கட்டிய கல்யாண பேனர் ஸ்கூட்டரில் சென்ற 23 வயதுப் பெண்மேல் சரிந்தது. கீழே விழுந்தவர்மேல் தண்ணீர் லாரி ஏறியது.

இந்தச் சாவுகள் போராட்டத்துக்கு வலுவைத் தந்தன. அதன் எல்லையையும் அவையே வகுத்துவிட்டன என்பது என் கருத்து. 'பலகை விழும், ஆளைக் கொல்லும்' என்பதே நம் முதன்மை வாதமாகிப்போனது. மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று 120 அடிக்கு 120 அடிப் பலகை சரிந்து 17 பேர் இறந்தபோதும் பேச்சு அளவையும் அஸ்திவாரத்தையும் சுற்றியே நடந்தது. ஆனால் இனி வருவது எல்இடி திரை. இரும்புத் தூணில், உறுதிச் சான்றிதழோடு, உரிமக் கட்டணம் கட்டி நிற்கும். அது விழாது என்று நிரூபித்துவிட்டால் ஊராரிடம் சொல்ல என்ன மிச்சம் இருக்கும்?

நிறையவே இருக்கிறது. இந்தியச் சாலைப் பேரவை 1972இலேயே சாலையோர விளம்பரங்களுக்கு ஒரு கொள்கை வகுத்து, மின்னுகிற, விட்டுவிட்டு எரிகிற, அசைகிற ஒளியைத் தகாததாகக் கருதியது. எல்இடி திரை பிறக்கும் முன்பே அதற்கான மறுப்பு நம் கையில் இருந்திருக்கிறது. சட்டமும் பேசியிருக்கிறது. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு விதிகள் கல்வி நிலையம், வழிபாட்டிடம், மருத்துவமனை ஆகியவற்றோடு வரலாற்றுச் சிறப்பும் அழகியல் சிறப்பும் உள்ள இடங்களின் முன்னாலும் விளம்பரப் பலகை கூடாது என்றன. விளம்பர நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2008இல், நோவா ஆட்ஸ் வழக்கில், அந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்பானது. சொந்த இடத்தில் நிற்கும் பலகையானாலும், பொதுச் சாலையில் போகிறவர் கண்ணில் படுவதால் அதை அரசு நெறிப்படுத்தலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். பட்டா நிலத்தோடு உரிமை முடியலாம், ஒளி அந்த எல்லையில் நிற்பதில்லை. நம் இயக்கங்கள் இந்த வாதத்தைப் போதுமான அளவு பிடித்துக்கொள்ளவில்லை.

காட்சியையே பொதுச் சொத்தாக வைத்துப் போராடி வென்றவர்கள் உண்டு. ஹவாயில் 1912இல் பெண்கள் தொடங்கிய 'அவுட்டோர் சர்க்கிள்' சங்கம் பதினைந்து ஆண்டுகள் விடாமல் உழைத்து, 1927இல் தீவுகள் முழுவதும் பலகைகளைத் தடைசெய்யும் சட்டத்தைப் பெற்றது. மலையும் கடலும் மறையக் கூடாது என்ற ஒன்றே அவர்களின் அடிப்படை.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் இலஞ்சிக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தும். குமாரர் கோயில், சிற்றாறு, வயல்வெளி, மேற்கே மலை. அந்தத் திரிகூட மலையைப் பாடித்தான் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி செய்தார். சாரல் மாதங்களில் ஈரச் சாலையில் வெளியூர் வண்டிகள் நெருக்கும்போது, ஓட்டுநரின் கண்ணைப் பிடித்திழுக்கும் திரை ஆபத்து என்பதில் ஐயமில்லை. விபத்தே நடக்காவிட்டாலும் அது தவறு என்றே சொல்வேன். இந்த மலையைப் பார்க்க வருகிறவருக்கும் இங்கேயே வாழ்கிறவருக்கும் இடையில் நகைக்கடை விளம்பரம் நிற்க எந்த நியாயமும் இல்லை.

பேரூராட்சிக்கு வருமானம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் இப்பகுதியின் சீசன் வருமானமே அருவியும் மலையும் தருவது. அந்த மலையை மறைத்துச் சம்பாதிப்பது முதலையே செலவழிப்பதாகும்.

2023இல் புதிய நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் வந்து, உரிமம் வழங்கும் முறை மீண்டும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. திரை நட்ட பிறகு வழக்குப் போடுவது கடினம், காலமும் பிடிக்கும். ஆகவே இலஞ்சி, குற்றாலம், மேலகரம் மக்கள் இப்போதே தங்கள் பகுதி சபைகளைக் கூட்டச் சொல்லி, எந்தெந்த இடங்கள் அழகியல் சிறப்புடையவை என்று சாலைப் பெயர்களோடு பட்டியலிட்டுத் தீர்மானம் நிறைவேற்றி, அடுத்த சாரலுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும்.