பாட்டில் இடப்படும் கையொப்பம்: நாமக்கல் கவிஞரிலிருந்து தமிழ் ராப் வரை

தமிழ் ராப் பற்றி இலக்கிய வட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு தீர்ப்புகள் ஆயத்தமாக இருக்கின்றன. அது அமெரிக்க இறக்குமதி, தாளத்துக்குப் பேசுவது இசையாகாது என்பது ஒன்று. அது புதிதே அல்ல, உடுக்கடிப் பாட்டிலும் கூத்தில் கட்டியங்காரன் பேச்சிலும் நம்மிடம் காலங்காலமாக இருந்ததுதான் என்பது மற்றொன்று. முதலாவது கேட்காமலே தள்ளுகிறது. இரண்டாவது கேட்காமலே தழுவிக்கொள்கிறது. ஒரு பாட்டின் சொல்லுக்கும் அதைச் சொல்லும் வாய்க்கும் உள்ள உறவு என்ன என்ற கேள்வியை இரண்டுமே கடந்து போய்விடுகின்றன. என் அபிப்பிராயத்தில், ராப் விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

இரண்டாவது தீர்ப்பை முதலில் பார்க்கலாம். எங்கள் கொங்குப் பகுதியில் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுகிறார்கள். 1960களில் காங்கேயம் பக்கத்தில் மானுடவியலாளர் பிரெண்டா பெக் அதை முழுமையாக ஒலிப்பதிவு செய்தார். பாட்டும் வசனமும் மாறி மாறி வர, பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையிலான கோடு அழிந்துபோகும் கலை அது. காதுக்கு ராப்பின் உறவினன் போலத் தோன்றுவது உண்மை. ஆனால் அங்கே பாடப்படுவது பொன்னர் சங்கரின் கதை. நிலமும் படையும் உடைய ஒரு குடியின் கதை. உடுக்கை பிடித்திருப்பவரின் சொந்த வாழ்க்கைக்கு அதில் இடமில்லை. ஒலியின் சாயலை வைத்து வம்சாவளி எழுதினால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் வெகுஜனப் பாட்டு என்றால் என்ன என்பதற்குத் தெளிவான உதாரணம் ஒன்று நாமக்கல்லிலிருந்தே கிடைக்கிறது. வெ. இராமலிங்கம் பிள்ளை 1888இல் காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் பிறந்தவர், ஓவியர். அவரது கவிதை அரசியலோடு சேர்ந்து வளர்ந்தது. சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1925 முதல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்திவந்தார். 1930 ஏப்ரல் 13 அன்று அவர் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார்கள். சுமார் 240 கிலோமீட்டர் நடை. தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். அந்த நடைக்காக இராமலிங்கம் பிள்ளை எழுதிக்கொடுத்த பாட்டு வழியெங்கும் ஒலித்தது. ஏப்ரல் 30 அன்று உப்புச் சட்டம் மீறப்பட்டு ராஜாஜி கைதானார்.

வழிநடைப் பாட்டுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. சொற்கள் எளியவையாக இருக்க வேண்டும். மூச்சு வாங்கும்போதும் நாக்கில் நிற்க வேண்டும். காலடியோடு தாளம் பொருந்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வக்கீல், விவசாயி, மாணவன் என்று யார் பாடினாலும் அது அவரவர் பாட்டாகிவிட வேண்டும். எழுதியவன் பாட்டுக்குள் கரைந்து மறைவதே அதன் வெற்றி. அந்தப் பாட்டு அப்படித்தான் வென்றது. கவிஞருக்குப் பின்னாளில் உரிய மரியாதைகள் வந்தன. 1949இல் அரசவைக் கவிஞரானார். சென்னைத் தலைமைச் செயலக வளாகத்தின் பத்து மாடிக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் அந்தப் பாட்டின் முதல் அடியைச் சொல்லத் தெரிந்த பலருக்கு அதை எழுதியவர் பெயர் தெரியாது. அவருக்கு அதில் குறையொன்றும் இருந்திருக்காது. அந்த வகைப் பாட்டின் தர்மம் அது.

ராப்பின் தர்மம் இதற்கு நேர் எதிரானது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவின் 1520ஆம் எண் குடியிருப்பில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர் ஒரு விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாடல்களில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதிகளை, இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி வைத்து நீட்டிக்கொண்டே போவது அவர் வளர்த்தெடுத்த உத்தி. அப்படித் திறந்த வெளியில் ஒலிவாங்கியைப் பிடித்தவர்கள் தம் பெயரையும் தம் தெருவின் பெயரையும் சொன்னார்கள். நான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்பதே அங்கே பாட்டின் முதல் பொருளாயிற்று.

ஆகவேதான் அந்தக் கலையின் முதல் பெரிய வணிக வெற்றியே ஒரு திருட்டுக் கதையாகவும் இருக்கிறது. 1979இல் சுகர்ஹில் கேங் வெளியிட்ட 'ராப்பர்ஸ் டிலைட்' உலகெங்கும் விற்றது. அதில் பிக் பேங்க் ஹாங்க் சொன்ன வரிகளில் கணிசமானவை கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற இன்னொரு பிராங்க்ஸ் இளைஞருடையவை. அந்த வரிகளுக்குள் காஸின் புனைபெயர் எழுத்தெழுத்தாகச் சொல்லப்பட்டிருந்தது. அதையும் ஹாங்க் அப்படியே சொல்லிவிட்டார். இசைத்தட்டின் உறையில் காஸின் பெயர் இல்லை. வழிநடைப் பாட்டில் பெயர் உதிர்வது கனிவது போன்றது. ராப்பில் அதே செயல் களவு.

தன் பெயரைச் சொல்லிக்கொள்வதையே தற்பெருமை என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒன்று நினைவூட்டலாம். சம்பந்தர் தம் பதிகங்களின் இறுதியில் தம் பெயரையும் தம் ஊரான காழியையும் சொல்லித்தான் முடிக்கிறார். அதற்குத் திருக்கடைக்காப்பு என்று பெயரே இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதி தம் கீர்த்தனைகளில் முத்திரை வைத்தார். சம்பந்தர் ராப் பாடினார் என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டில் கையொப்பமிடுவது தமிழுக்கு அந்நியமானதல்ல என்ற அளவில் அந்த ஆட்சேபம் விழுந்துபோகிறது, அவ்வளவே.

தமிழில் இந்தக் கையொப்பம் மெதுவாகத்தான் வந்தது. 1994இல் 'காதலன்' படத்தில் ரஹ்மான் இசையில் வந்த 'பேட்டை ராப்' பாட்டில் சுரேஷ் பீட்டர்ஸுடன் தேனி குஞ்சரம்மாளும் பாடினார். சென்னைத் தெருமொழி எல்லா வீட்டு வானொலிகளிலும் புகுந்தது. ஆனால் அது ஒரு கதாபாத்திரத்துக்காக ஆக்கப்பட்ட பாட்டு. பேட்டை அங்கே ஒரு வேஷம். 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்திரா குழுவினரோடு 'வல்லவன்' என்ற ஆல்பத்தை வெளியிட்டபோதுதான் சினிமாவின் தயவில்லாமல், தம் பெயரில் நின்று பேசும் தமிழ் ராப் பரவலாகக் கேட்டது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ், 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் வெளியிட்ட 'தெருக்குரல்' ஆகியவற்றில் சாதியைப் பற்றி, அதை அனுபவித்த வாயே பேசியது.

கையொப்பம் இருந்தால் மட்டும் பாட்டு உயர்ந்துவிடாது. 2011இல் ஹிப்ஹாப் தமிழாவைப் பிரபலமாக்கிய பாட்டு, கிளப்புக்குப் போகும் இளம்பெண்களுக்குத் தமிழ்ப் பண்பாடு போதித்த பாட்டு. அதன் தாளத்தை ரசித்த எனக்கு அதன் உபதேசம் கசந்தது. கையொப்பத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே வேறொரு சிக்கலும் உண்டு. 2016இல் அவர்கள் வெளியிட்ட ஜல்லிக்கட்டுப் பாட்டு, 2017 ஜனவரிப் போராட்டத்தில் ஏறக்குறைய ஒரு வழிநடைப் பாட்டாகவே மாறியது. போராட்டத்தின் இறுதிக் கட்டத்தில் ஆதி தாம் விலகிக்கொள்வதாகக் காணொளியில் அறிவித்தார். கூட்டம் அதை மனக்கசப்போடு விவாதித்தது. பாட்டு கூட்டத்தினுடையதாகிவிட்டது, பெயரோ ஒருவருடையதாகவே இருந்தது. இராமலிங்கம் பிள்ளைக்கு அந்த நெருக்கடி நேர்ந்திருக்க முடியாது.

இந்தச் சிக்கலின் உச்சம் 'என்ஜாயி எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வெளியான இந்தப் பாட்டில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் நினைவைத் தம் சொல்லாக்கினார் அறிவு. அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ், இந்தப் பாட்டையும் குறிப்பிட்டு வெளியிட்ட அட்டையில் பாடகி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. கண்டனங்கள் எழுந்த பிறகே அவருக்கு இணைய அட்டை ஒன்று கிடைத்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவரில்லாமலே பாட்டு மேடையேறியது. அமைத்ததும் எழுதியதும் பாடியதும் தாமே என்று அறிவு எழுதினார். சந்தோஷ் நாராயணன் அதன் ஆக்கத்தில் மூவருக்கும் இருந்த பங்கை விளக்கி மறுமொழி தந்தார்.

இசையமைப்பின் பங்குக் கணக்கை வெளியிலிருந்து தீர்க்க நமக்கு உரிமையில்லை. என்னை உறுத்தியது வேறு. 'நல்ல பாட்டு, எல்லோருக்கும் பொதுவான பாட்டு, யார் பாடினால் என்ன' என்று இலக்கிய வாசகர்களே அப்போது சொன்னார்கள். அது 1930இன் அளவுகோல். சுதந்திரம் எல்லோருக்கும் பொது. வள்ளியம்மாளின் உழைப்பு பொதுவல்ல. நிலத்திலிருந்து பெயர் அழிக்கப்பட்டவர்களின் கதையைச் சொல்லும் பாட்டிலிருந்து சொன்னவன் பெயரும் விலகுமானால், பாட்டு எதை எதிர்க்கிறதோ அதுவே பாட்டுக்கும் நேர்கிறது. நம் விமர்சனம் சந்த அழகையும் மொழித் தூய்மையையும் அளந்துகொண்டிருந்ததால் இதைக் காணத் தவறியது.

எங்கள் சமவெளிக்கு வருகிறேன். நாமக்கல் இன்று லாரிகளின் ஊர். பாடி கட்டும் பட்டறைகள், கோழிப்பண்ணைகள், மதிப்பெண்ணுக்குப் பேர்போன விடுதிப் பள்ளிகள் நிறைந்த மாவட்டம். திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போகின்றன. மாதக்கணக்கில் வீடு திரும்பாத ஓட்டுநர், பட்டறையில் வெல்டிங் புகையில் நிற்பவர், விடுதிக் கட்டிலில் தூங்காத மாணவி ஆகிய மூவரையும் பற்றி நாவலாசிரியர்கள் எழுதலாம், எழுதவும் வேண்டும். அவர்களில் ஒருவர் தம் பெயரும் ஊரும் சொல்லித் தாமே பேசத் தொடங்கினால் அந்தத் தமிழில் கொங்கு வழக்கு இருக்கும், இந்தி இருக்கும், வசவும் இருக்கும். யாப்பு இருக்கிறதா என்று தேடுவதற்கு முன், பேசுவது யார் என்று கேட்டு, அந்தப் பெயரைச் சரியாக எழுதிவைப்பதுதான் விமர்சகனின் முதல் வேலை என்று நினைக்கிறேன்.