விருத்தாசலத்துக்கு வரும் மின்னஞ்சல்: ஒரு முகவரியின் வரலாறு

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம், சென்னை–திருச்சி கார்டு பாதையில் சேலம், கடலூர் பாதைகள் வந்து கூடும் ரயில் சந்திப்பாகவும், பீங்கான் பொம்மைகளும் மின்சார ஃபியூஸ் கேரியர்களும் செய்யும் செராமிக் தொழிற்பேட்டையாகவும் அறியப்பட்ட ஊர். 1972 ஆகஸ்ட் 15 அன்று நாட்டில் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு முறையில் இவ்வூரின் எண் 606001. முதல் மூன்று இலக்கங்கள் கடிதங்களைப் பிரிக்கும் வட்டாரத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் குறிப்பதால், அந்த எண்ணைக் கண்டே கடிதம் போய்ச் சேரவேண்டிய இடத்தை அறியலாம். மின்னஞ்சல் முகவரி இவ்வாறு இடத்தைச் சொல்வதில்லை. அது பெயரை மட்டுமே சொல்ல, இடத்தை வேறொரு பதிவு சொல்கிறது. பெயரையும் இடத்தையும் இப்படிப் பிரித்துவைத்த ஏற்பாடே, வலைப்பின்னலின் ஓரத்தில் இருந்தவர்களுக்கும் நிலையான முகவரி கிடைக்க வழிசெய்தது.

1971இல் அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலைப்பின்னலில் ரே டாம்லின்சன், பயனரின் பெயரையும் கணினியின் பெயரையும் ‘அட்’ குறியால் இணைத்தபோது, அக்குறிக்குப் பின் நின்றது ஒரு குறிப்பிட்ட கணினியே. கணினிகளின் பெயர்களும் எண்முகவரிகளும் அடங்கிய ஒரே பட்டியல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பராமரிக்கப்பட்டு, அங்கிருந்தே எல்லோராலும் நகலெடுக்கப்பட்டது. கணினிகள் பெருகப் பெருக அந்தப் பட்டியல் தாங்காமற் போகவே, 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ் என்னும் ஆள்களப் பெயர் முறையை வகுத்தார். இதன்படி ஒவ்வொரு டொமைனின், அதாவது ஆள்களத்தின், பதிவுகளையும் அதற்குரியவர்களே தங்கள் பெயர் சர்வரில் வைத்துக்கொள்ள, கேட்பவர் மேலிருந்து படிப்படியாக இறங்கி விடையைப் பெறுகிறார்.

அஞ்சலுக்கான இன்றைய ஏற்பாடு 1986இல், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய வழிகாட்டுதலோடு நிலைபெற்றது. எம்எக்ஸ் பதிவு எனப்படும் அஞ்சல் பரிமாற்றப் பதிவு, ஒரு டொமைனுக்கு வரும் அஞ்சலை எந்தெந்த சர்வர்கள் ஏற்கும் என்பதையும், அவற்றுள் எதை முதலில் நாடவேண்டும் என்பதையும் எண்ணால் சொல்கிறது. விருத்தாசலத்துப் பீங்கான் கூடம் ஒன்றுக்கு வெளியூர் வியாபாரி ஆர்டர் அனுப்புவதாகக் கொண்டால், அவருடைய அஞ்சல் சர்வர் முதலில் அக்கூடத்தின் டொமைனுக்குரிய எம்எக்ஸ் பதிவுகளைக் கேட்கும். 10, 20 என இரண்டு வந்தால், சிறிய எண்ணுக்குரிய சர்வரையே முதலில் அழைக்கும். அனுப்புநர் யார், பெறுநர் யார் என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 250 என்ற சம்மத எண் கிடைத்த பிறகே கடிதத்தை ஒப்படைக்கும். முதல் சர்வர் இயங்காவிட்டால் 20க்குரியதை நாடும்; அதுவும் இயங்காவிட்டால் கடிதத்தை வரிசையில் வைத்துப் பொதுவாக நான்கைந்து நாள் வரை மீண்டும் மீண்டும் முயன்று, முடியாத நிலையில்தான் அனுப்பியவருக்கே திருப்பிவிடும்.

இணையத்தோடு நேரடித் தொடர்பில்லாத அமைப்பும், தொடர்புள்ள வேறொரு சர்வரைத் தன் எம்எக்ஸ் பதிவில் குறித்துவிட்டு, அது வாங்கிவைத்த அஞ்சலைப் பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்பதே இம்முறையின் பெரும்பயன். இந்தியாவில், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986இல் தொடங்கிய எர்நெட் வலைப்பின்னலில் சென்னை ஐஐடி உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் சேர்ந்தன. அக்காலத்தில் அஞ்சல்கள் தொலைபேசி அழைப்பின் வழியே தொகுதி தொகுதியாகப் போய்வந்தன. இந்தியாவுக்கான ‘.இன்’ டொமைன் 1989இல் பதிவாகி, மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் பொறுப்பில் வந்தது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்தபோது, சென்னைச் சந்தாதாரரின் முகவரியில் ‘ஜியாஸ்எம்டி01’ என்ற பகுதி இருந்தது. சேவையும் நகரமும் கணினியும் அதில் பொதிந்திருந்ததால், சேவை மாறினால் முகவரியும் மாறவேண்டியிருந்தது. 2005இல் ‘.இன்’ பதிவு தளர்த்தப்பட்டு நிக்சி அமைப்பின் பொறுப்புக்கு வந்தபின், சிறு தொழிற்கூடமும் ஆண்டுக்கட்டணத்தில் தனக்கென ஒரு டொமைனை வைத்துக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. பிறர் பெயரில் போலி அஞ்சல் அனுப்புவோர் பெருகியதால், தன் பெயரில் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களை அறிவிக்கும் எஸ்பிஎஃப், கடிதத்தில் இடும் மின்கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகேஐஎம் ஆகிய பதிவுகளும் அதே டிஎன்எஸ்ஸில் சேர்ந்தன. ‘.இந்தியா’ என்ற தமிழ் டொமைன் 2011இல் இடம்பெற்றது. முகவரி முழுவதையும் தமிழிலேயே எழுத இடந்தரும் தரநிலை 2012இல் வெளிவந்தது.

எனவே சிறு ஊரின் உற்பத்தியாளர் கவனமாகக் காக்கவேண்டியது தம் டொமைனையும் அதன் பதிவுகளையும்தான். சர்வரை எந்நேரமும் மாற்றி, எம்எக்ஸ் பதிவைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் டொமைனின் ஆண்டுப் புதுப்பிப்பைத் தவறவிட்டால் அந்தப் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளவும், பழைய வாடிக்கையாளர் எழுதும் ஆர்டர்கள் அவரிடம் போய்ச் சேரவும் இடமுண்டு.