தேறிய பிள்ளைக்கு எட்டு ஷில்லிங்

1862-இல் இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளுக்காகக் கல்விப் பொறுப்பிலிருந்த அமைச்சர் ராபர்ட் லோ கொண்டுவந்த புதிய விதிகள் அரசு மானியத்தைத் தேர்வு முடிவோடு பிணைத்தன. சராசரி வருகையைக் கணக்கிட்டுப் பிள்ளைக்கு 4 ஷில்லிங்; காலை, பிற்பகல் வேளைகளைத் தனித்தனியே எண்ணி 200 வருகையைத் தாண்டிய பிள்ளை ஆய்வாளர் முன் வாசித்து, எழுதி, கணக்குப் போட்டுத் தேறினால் மேலும் 8 ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. தலைமையாசிரியர்களும் மற்ற ஆசிரியர்களும் இதை எதிர்த்தபோது, சம்பளத்துக்காகக் கூச்சலிடுகிறார்கள் என்று பலர் ஒதுக்கினார்கள். சம்பளக் கவலை இருந்தது உண்மைதான். அதுவரை சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அரசு நேரடியாகக் கொடுத்துவந்த தொகை நின்று, மானியம் முழுவதும் நிர்வாகிகள் கைக்குப் போனது. ஆனால் ஆசிரியரின் கூலியையும் பிள்ளையின் பாடத்தையும் ஒரே முடிச்சில் போட்டது அரசு. அதன்பின் கூலிக்காகப் பேசுவதும் பாடத்துக்காகப் பேசுவதும் வேறுவேறாக இருக்க வழியில்லை.

அவர்கள் அஞ்சியதே நடந்தது. காசு ஈட்டாத வரலாறும் புவியியலும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள்; புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் தடையின்றி 'வாசித்தார்கள்'. இந்தச் சம்பளத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத அரசு ஆய்வாளர் மாத்யூ ஆர்னால்டும் இம்முறையை வெளிப்படையாகக் கண்டித்தார். 1861-இல் 36 பிள்ளைகளுக்கு ஒருவராக இருந்த பயிற்சி மாணவ ஆசிரியர், 1866-இல் 54 பேருக்கு ஒருவரானதை அவர் எடுத்துக்காட்டினார். 1861-இல் 8 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்த மானியம் 1865-இல் சுமார் 6.4 லட்சமாகச் சுருங்கியது.

பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது தவறா என்று கேட்கலாம். தவறில்லை. பெரும்பாலான பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் சரிவரக் கற்காமல் பள்ளியை விட்டுப் போகிறார்கள் என்று, தொடக்கக் கல்வியை ஆராய்ந்த நியூகாசில் ஆணையம் 1861-இல் சொன்னதை அலட்சியப்படுத்த முடியாது. கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் கவனித்த ஆசிரியரை மந்தமான பிள்ளை பக்கமும் இந்த விதிகள் திருப்பின. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கவனம் தேர்ச்சிக் கோட்டோடு நின்றுவிட்டது. கோட்டைத் தாண்டிய பிள்ளைக்கு இன்னும் கற்பிப்பதால் பள்ளிக்கு ஒரு பென்னிகூட வரவில்லை. அளக்கப்பட்டது கல்வியின் ஒரு சிறு பகுதி; பணத்தின் பெரும்பகுதி அதன் பின்னால் போனதால் மற்றது வற்றியது.

இவ்வளவு தெரிந்தும் இம்முறை ஏன் ஒரு தலைமுறைக் காலம் நீடித்தது? சிக்கனம் ஒரு காரணம். பள்ளியை நடத்துபவரின் கருத்துக்கு எங்கும் இடமில்லாதது இன்னொன்று. ஒவ்வொரு பள்ளியும் நாட்குறிப்பேடு வைத்திருப்பதை அதே விதிகள் கட்டாயமாக்கின. வருகை, நோய், விடுமுறை எல்லாம் அதில் ஏற வேண்டும். பொதுவான கருத்துகளையோ சிந்தனைகளையோ மட்டும் தலைமையாசிரியர் எழுதக் கூடாது. குறிப்பேட்டில் கிடைக்காத குரலைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 1870-இல் தேசிய அளவில் சங்கம் அமைத்துத் தேடிக்கொண்டார்கள். 1890-களில்தான் இம்முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது. அதற்குள் அது சென்னை மாகாணப் பள்ளிகள் வரை பரவியிருந்தது. கொள்கையால் ஆதாயமோ இழப்போ அடைகிறவர் என்பதற்காகத் தலைமையாசிரியரின் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது. அதை மற்றச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அரசின் கடமை. 1862-இல் அதைச் செய்யத் தவறியதன் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள்.